முகப்பில் ஓர் ஐந்தடிச் சுவர்

இந்த ஒரு விஷயத்திலாவது நான் சொன்னதுதான் நடக்க வேண்டும் என்று ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன். எங்கள் புது வீட்டின் முகப்பை, அதாவது எலிவேஷனை, நான்தான் தேர்ந்தெடுப்பேன். வாய் நிறைய நுரை இருந்ததால் அதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. கொப்பளித்த பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் முடிவு முடிவுதான்.

அந்த உரிமை எனக்கு இல்லாமல் யாருக்கு இருக்கிறது? என் பெயர் தனிஸ்லாஸ். வில்லியனூரில் ஒரு டைல்ஸ் கடையில் பதினாறு வருஷமாக சேல்ஸ்மேன். பாகூரிலிருந்து திருக்கனூர் வரை எத்தனையோ வீடுகளுக்கு, தூணுக்கு எந்தக் கல், நெற்றிக்கு எந்தக் கலர் என்று சொல்லி அனுப்பியவன். என் பேச்சைக் கேட்டு ஒருவர் வீட்டு முன்பக்கம் முழுக்கக் குளியலறை டைல்ஸை ஒட்டிவிட்டார். இன்று அந்தத் தெருவுக்கு வழி கேட்டால் அவர் வீட்டைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். நல்ல அடையாளமா கெட்ட அடையாளமா என்று நான் விசாரிக்கவில்லை.

என் மனைவி ஜெசிந்தா மேரி அங்கன்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் தூங்க வைப்பாள். முப்பத்தோராவது பிள்ளை நான். எனக்கு மட்டும் அந்தப் பார்வையில் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

இருபதடி அகல மனையில் சின்ன வீடு. கூரை போட்டாயிற்று, உள்பூச்சு முடிந்தது. பாக்கி இருந்தது முகப்பு ஒன்றுதான். மேஸ்திரி சுப்பராயலு கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கெழம காலையில எனக்கு முடிவு தெரியணும் சார். இல்லன்னா நான் ஆளுங்கள கூட்டிக்கினு வேற வேலைக்குப் போயிடுவேன். அப்பறம் ஆடி மாசந்தான்."

ஜெசிந்தாவுக்கோ மே மாதம் பிறப்பதற்குள் குடி போயாக வேண்டும். அங்கன்வாடி லீவில் சாமான் அடுக்க வசதி என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்துக்கொள்வது எதுவும் சரியாக இருந்ததில்லை என்பது கல்யாணமான இருபது வருஷத்து வரலாறு.

இப்போது உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம். எனக்கு எலிவேஷனில் எந்தக் கலைத் தாகமும் இல்லை. எனக்கு இருந்தது வேறு தாகம்.

புதுச்சேரியில் வாங்குவதற்குக் கடைக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர் கண்ணில் படாமல் உட்கார்ந்து குடிக்க இடத்துக்குத்தான் பஞ்சம். நானும் என் சிநேகிதன் கண்ணையனும் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் பம்பு செட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே காரியத்தை முடிப்போம். அவன் ரைஸ் மில்லில் வேலை செய்பவன். நாளெல்லாம் மூட்டையோடு நின்றுவிட்டு, சாயங்காலமும் நிற்க வேண்டும் என்றால் யாருக்கும் கண்ணீர் வரும். போன மழைக்காலத்தில் எங்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக ஒரு சாரைப்பாம்பு வந்தது. அன்றைக்கே சபதம் செய்தேன். என் வீட்டு முன்னால் ஒரு சிட்-அவுட், அதாவது உட்கார ஒரு திறந்த முன்வராந்தா. அதற்கு உயரமான ஒரு சுவர். உள்ளே இரண்டு நாற்காலி. ரோட்டில் போகிறவருக்குச் சுவர் தெரியும், நாங்கள் தெரியமாட்டோம். ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரு மணி நேரம் உட்கார ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

இது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நம்பினேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிளான் போட்ட எஞ்சினியர் செவ்வாய் இரவு போனில் இரண்டு படம் அனுப்பினார். ஒன்றாம் நம்பர், மாடர்ன். சாம்பல் கலர், சிட்-அவுட்டுக்கு இடுப்பளவு கண்ணாடித் தடுப்பு. இரண்டாம் நம்பர், பிரெஞ்சு டைப். மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, ஆர்ச், சிட்-அவுட்டைச் சுற்றி கெட்டியான சுவர். எனக்கு இரண்டாம் நம்பரைப் பார்த்ததும் கண் கலங்கியது.

ஜெசிந்தா போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"ஒண்ணாம் நம்பரு நல்லா கீது."

போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன்.

"கண்ணாடியா?"

"கண்ணாடிதான். வெளிச்சம் வரும், காத்து வரும். உள்ள யாரு உக்காந்திருக்காங்க, இன்னா பண்றாங்கன்னு ரோட்லயிருந்தே தெரியும்."

"அது எதுக்குத் தெரியணும்?"

"ஏன், தெரிஞ்சா இன்னா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கடையில் பதினாறு வருஷம் பேசிய வாய் அன்றைக்குத் துணைக்கு வந்தது. கண்ணாடியில் கை ரேகை பதியும் என்றேன். காக்கை வந்து கொத்தும் என்றேன். நாம் யார், புதுச்சேரிக்காரர்கள், நம் அடையாளம் என்ன, மஞ்சள் சுவர், எங்கிருந்தெல்லாமோ வந்து அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி மாதிரி சாம்பல் பூசுவதா என்று கேட்டேன். பேசப் பேச எனக்கே ரத்தம் சூடேறியது.

"அது டவுன்ல கடற்கரை ஓரமா இருக்கற வூடுங்க. நம்ம வூட்டுக்கு எதுத்தாப்புல இருக்கறது வைக்கப்போருங்க."

"இருக்கட்டும். வைக்கப்போரும் மஞ்சள்தானே? மேட்ச் ஆகும்."

அவள் சிரிக்கவில்லை. புதன்கிழமை முழுக்க வீட்டில் பேச்சில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை கடையில் ஒருவர் கேட்ட கிரானைட்டுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் தொட்டியை எடுத்துக் காட்டினேன். விடிந்தால் வெள்ளி. கண்ணாடி வந்துவிட்டால் மீதி ஆயுளுக்கும் பம்பு செட்டும் சாரைப்பாம்பும்தான். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

சாயங்காலம் வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஜெசிந்தா வந்து நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி இரண்டு கழி நட்டு, குறுக்கே நூல் கட்டி, சுவர் எழும்பினால் எவ்வளவு உயரம் வரும் என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கு நூல் எதற்கு?

"சொவரே வெச்சிக்கலாம். நீங்க ஆசப்படறீங்க" என்றாள்.

என் காதையே நான் நம்பவில்லை. நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"எவ்ளோ ஒயரம் வேணும்?"

"நாலரை அடி."

"எதுக்கு நாலரை?"

"பாதுகாப்பு."

"நம்ம வூட்ல யாரு தாண்டிக் குதிக்கப் போறாங்க? பையன் ஃபிராங்க்ளின் காலேஜு ஹாஸ்டல்ல இருக்கான்."

"ஆடு மாடு வருமில்ல."

"நாலரை அடிக்கு எந்த ஆடுங்க எட்டிப் பாக்கும்?"

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நூலுக்கு உள்பக்கம் போட்டாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"அளவு பாக்கணுமில்ல."

உட்கார்ந்தேன். அவள் ரோட்டுக்குப் போய் நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க பூசையில உக்கார்ற மாதிரி வெறச்சிக்கினு உக்காந்திருக்கீங்க? சாஞ்சி, சாதாரணமா உக்காருங்க."

சாய்ந்தேன்.

"கையத் தூக்குங்க."

"கையா?"

"வாய் வரைக்கும் தூக்குங்க. டீ குடிக்கற மாதிரி."

தூக்கினேன். தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தால் அங்கன்வாடியில் முட்டை எண்ணும்போது இருக்கும் அதே முகம். நான் இல்லாத டீயை ஒரு வாய் குடித்தும் காட்டினேன்.

"கை முட்டி தெரியுது மேஸ்திரி. இன்னும் அரையடி ஏத்துங்க."

ஐந்தடி! நான் கேட்டதற்கு மேல் அரையடி, அதுவும் அவள் வாயால். எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணுங்க. அந்தச் சொவத்துல, ரோட்டுப் பக்கமா, மாதா சுரூபம் வெக்க ஒரு மாடம்."

"ஒண்ணு என்ன, எத்தனை வேணும்னாலும் வெச்சிக்க" என்றேன். தாராளம் என்றால் அப்படி ஒரு தாராளம். மாதா ரோட்டைப் பார்த்து நிற்கப் போகிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். யாருக்கும் யாராலும் தொந்தரவில்லை. அன்று இரவு கண்ணையனுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சிட்டன்பா" என்றேன்.

பத்து நாள் நான் கடை வேலையாகவே இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மாடம் முடிந்திருந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு சாண் பொந்து. அங்கே இருந்தது நாலடி உயரத்துக்கு ஆர்ச், இரண்டு பக்கமும் குட்டித் தூண், உள்ளே நீல டைல்ஸ், மேலே லைட்டு, முன்னால் மெழுகுவத்தி ஏற்ற கிரானைட் மேடை. சின்ன கோயில் மாதிரி இருந்தது.

"மேஸ்திரி, இது இன்னா?"

"நீங்க கேட்ட ஆர்ச்சுதான் சார். அக்கா இங்க வெக்கச் சொன்னாங்க."

நீல டைல்ஸ் எங்கள் கடை டைல்ஸ். நானே பில் போட்டிருக்கிறேன், யாருக்கென்று பார்க்காமல்.

சரி, போகட்டும். சுவர் ஐந்தடி இருக்கிறது, உள்ளே நாற்காலி இருக்கிறது. ஏப்ரல் கடைசி ஞாயிறு பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். மாடத்தில் வைத்த மாதா சிலையையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். வாசலில் நின்று ஏதோ அறிவிப்பு செய்தார், எல்லாரும் கை தட்டினார்கள். நான் பின்பக்கம் பிரியாணி அண்டாவுக்குக் காவலாக இருந்தேன். அறிவிப்பு காதில் விழவில்லை. கண்ணையன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு சிட்-அவுட்டில் உட்கார்ந்து பார்த்து, "ராஜா சிம்மாசனம்பா" என்றான்.

மே மாதம் முதல் தேதி. கடை லீவு. அன்றைக்குப் பாட்டில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கண்ணையன் முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டான். சாயங்காலம் ஜெசிந்தா தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு ஜெபமாலைங்க. முடிய ஏழரை ஆவும்."

"போய்ட்டு வா, நிதானமா வா" என்றேன். மே மாதம் முழுக்க மாதாவுக்கு ஜெபமாலை சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். கோயிலில் சொல்வார்கள் என்றுதான் தெரியும். நான் கடைசியாக ஜெபமாலைக்குப் போனது என் கல்யாணத்துக்கு முன்னால், அவளைப் பார்ப்பதற்காக.

அவள் சுண்டல் தூக்கோடு வாசலைத் தாண்டியதும் கண்ணையன் பின்வாசல் வழியாக வந்தான். விளக்குப் போடவில்லை. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு பொட்டலம் மிக்சர். சாய்ந்து உட்கார்ந்தோம். கையைத் தூக்கினேன். ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்கூடத் தெரியாது. முதல் வாய் உள்ளே போனபோது இந்த ஒரு மாதக் கஷ்டமும் மறந்துபோனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை. பாய் விரிக்கும் சத்தம். தீக்குச்சி உரசும் சத்தம். ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள்.

"இன்னாபா கூட்டம்?" என்றான் கண்ணையன் காதோரம்.

பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. காசம்மாள் குரல் எழும்பியது. காசம்மாள் எங்கள் அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்றால் எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு. அந்த அம்மாள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"பங்கு சாமி சொன்ன மாதிரி, இந்த மாசம் பூரா நம்ம ஜெபமாலை இந்த மாதா மாடத்துக்கு முன்னாலதான். எல்லாரும் முட்டி போடுங்க."

நாற்பது பேராவது இருப்பார்கள். ஜெபம் ஆரம்பமானது. வீட்டுக்குள் போக எழுந்தால் தலை தெரியும். உட்கார்ந்தே இருந்தால் வாசனை தெரியும். கண்ணையன் வாயில் போட்ட மிக்சரைக் கடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணீர் விட்டான். நல்லவேளையாக யாரோ ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார்கள். மாதாவின் முதுகும் என் முதுகும் ஒரே சுவரில் சாய்ந்திருந்தன. அவளுக்காவது பூ போட்டிருந்தார்கள்.

ஜெபமாலையில் ஐந்து ரகசியம், அதாவது ஐந்து பகுதி. ஒவ்வொன்றுக்கும் மாலையில் பத்து மணி, மணிக்கு ஒரு ஜெபம். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றில் கண்ணையனுக்கு இருமல் வந்தது. துண்டை வாயில் திணித்தேன். நான்கு முடிந்தபோது, இன்னும் பத்து மணிதான், பிழைத்தோம் என்று விரலைக் காட்டினேன். அப்போது காசம்மாள் சொன்னாள்.

"கடைசி பத்து மணிய வூட்டுக்காரரு சொல்லணும். அதான் மொற. எங்க தனிஸ்லாசு?"

டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். வெளியூர் போயிருக்கார் என்று சொல், தாயே, தலைவலி என்று சொல். மாதாவைக் கேட்டேனா மனைவியைக் கேட்டேனா, எனக்கே தெரியாது.

"சொவத்துக்கு அந்தாண்டதாங்க உக்காந்திருக்காரு" என்றது ஜெசிந்தாவின் குரல், ரொம்ப சாதாரணமாக. "அங்கயே எழுந்து சொல்லுவாரு."

எழுந்தேன். மாதாவின் கிரீடத்துக்கு மேலே என் தலை மட்டும் உதயமானது. கையில் ஜெபமாலை இல்லை, விரலை விட்டு எண்ணினேன். வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு, மூச்சை உள்பக்கமாகவே விட்டுக்கொண்டு சொன்னேன். நாற்பது முகம் என்னையே பார்த்தது. அதில் ஒரு முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"போதும்பா" என்றாள் காசம்மாள். "பதினொண்ணு ஆயிடுச்சி."

முடிந்ததும் முட்டி வலிக்காரர்கள் எல்லாம் உட்கார இடம் தேடி சிட்-அவுட்டுக்குள் வந்தார்கள். அங்கே கண்ணையன் சம்மணம் போட்டு, கை கூப்பி, கண் மூடி உட்கார்ந்திருந்தான். பாட்டில் எங்கே போனதென்று தெரியவில்லை, அவன் சட்டைக்குள் வயிறு கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"மாரியம்மன் கோயிலுக்குப் போற புள்ள, நம்மள விட பக்தியா உக்காந்திருக்குது பாரு" என்று காசம்மாள் அவனுக்கு இரண்டு கரண்டி சுண்டல் அதிகம் வைத்தாள்.

ஜெசிந்தா இரண்டு டம்ளரையும் எடுத்தாள். முகர்ந்து பார்க்கவில்லை. போகிற போக்கில் ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

"மேரி, அன்னிக்குக் கண்ணாடி வேணும்னு அவ்ளோ சண்ட போட்டியே. நெஜமாவே கேட்டியா?"

"கண்ணாடி வெச்சா மாதாவ எதுலங்க வெக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தூக்கைக் கழுவப் போனாள்.

அதன் பிறகு முப்பது நாள். தினமும் ஆறரைக்கு நான் குளித்து, வேட்டி கட்டி, கடைசிப் பத்து மணிக்குத் தயாராக நின்றேன். கண்ணையன் சுண்டலுக்காக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தான். கடைசி ரகசியத்தில் நான் தடுமாறினால் அவன்தான் எடுத்துக் கொடுத்தான். பம்பு செட்டுக்குப் போகவும் வழியில்லை. வீட்டுக்காரர் இல்லாமல் ஜெபம் முடியாது. நான் காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டே வந்தேன். மே மாதம் என்றாவது ஒரு நாள் முடியத்தானே வேண்டும்?

முடிந்தது. முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நாளையிலேருந்து சாயங்காலம் ஃப்ரீதானே?"

"நாளைக்கு ஜூன் பொறக்குதுங்க. இயேசுவோட திரு இருதய மாசம்" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அதுக்கும் தெனம் ஜெபம் உண்டு. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது.

விடிந்ததும் வாசலில் பேச்சுக் குரல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மேஸ்திரி சுப்பராயலு டேப்பை நீட்டி என் ஐந்தடிச் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அளந்துகொண்டிருந்தார்.

"நல்லா நீளமாதான் வெச்சிருக்கீங்க சார்" என்றார். "இன்னும் மூணு மாடத்துக்கு எடம் கீதாம், அக்கா சொன்னாங்க."